கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதை நிறுத்துங்கள்: கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஆளுநருக்கும்,

வணக்கம். போதுமான வாக்காளர்கள் பெட்டிஷனில் கையெழுத்துப் போட்டால் ஒரு சட்டத்தை மக்கள் நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அந்தக் கையெழுத்து வாங்குவது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். கையெழுத்து ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று கூலி கொடுப்பதைத் தடை செய்யுங்கள்.

சன்னிவேலில் ஒரு மளிகைக் கடை வாசலில் போன மாதம் என் அப்பா நான்கு பெட்டிஷன்களில் கையெழுத்துப் போட்டார். குடியுரிமை வாங்கி, வாக்காளராகப் பதிவு செய்த பிறகு அவர் பெட்டிஷனில் போட்ட முதல் கையெழுத்துகள் அவை. வீட்டு வாடகை குறையும் என்று சொல்லித்தான் கூலிக்குக் கையெழுத்து வாங்கும் ஒரு பையன் அவரை நிறுத்தியிருக்கிறான். கிளிப்போர்டில் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரப்பர் பேண்டு மாட்டியிருந்தான். கையெழுத்துப் போடுகிற கட்டங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. முதல் தாளுக்கு இரண்டு வரி விளக்கம், மற்ற மூன்றுக்கு அதுவும் கிடையாது. அப்பா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, பெயர், முகவரி எல்லாம் நான்கு முறையும் தன் கைப்படப் பொறுமையாக எழுதியிருக்கிறார். நான் காரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வாடகை என்ற பேச்சு ஒன்றில்கூட இல்லை.

பெட்டிஷனில் இருப்பதைத் திரித்துச் சொல்வது குற்றம் என்று உங்கள் தேர்தல் சட்டம் சொல்கிறது. கடை வாசலில் நடந்த பேச்சுக்கு யார் சாட்சி? பணம் போட்டவர்கள் யார் என்று காட்டும் தாளைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் வாக்காளருக்கு உண்டு. அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்தானே கேட்க முடியும்?

போட்டதைத் திரும்பப் பெறலாம் என்றும் விதி இருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்தோடு கவுண்டி தேர்தல் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் பெட்டிஷனை அவர்கள் தாக்கல் செய்யும் நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். அந்த நாள் எது என்று கையெழுத்துப் போட்டவருக்கு யாரும் சொல்வதில்லை. அப்பா நான்கு கடிதம் எழுதினார். "தப்பாப் போட்டுட்டேனா, ஏதாவது பிரச்சினை வருமா" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தவறு அவருடையது இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது?

அந்தப் பையன் மீதும் எனக்குக் கோபம் இல்லை. நின்று விளக்கினால் அவனுக்கு வருமானம் குறையும், விளக்காமல் வாங்கினால் கூடும். கெடு நெருங்க நெருங்க ஒரு கையெழுத்தின் விலை ஏறும், பத்து டாலரைத் தாண்டியதும் உண்டு. இப்படி ஓர் ஏற்பாட்டை அனுமதித்துவிட்டு அவனிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியுமா?

கண்டிப்பெல்லாம் வாக்காளரிடம்தான். வீடு மாறியவர் பதிவை மாற்றாமல் விட்டால் அவர் கையெழுத்து செல்லாது. பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் தள்ளிவிடுவார்கள். ரயில் கம்பெனியின் பிடியில் இருந்த அரசியலை மக்கள் கைக்குக் கொண்டுவருவதற்காக 1911-ல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் வந்த உரிமை இது. இன்று ஒரு சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்ற 180 நாளில் 5,46,651 கையெழுத்து வேண்டும், மனுப் போடவே 2,000 டாலர் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் எந்தத் தெருச் சங்கத்தால் இது முடியும்? மக்களுடைய உரிமை பணமுள்ள கம்பெனிகளின் கருவியாகிவிட்டது. இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். ஆள் வைத்துக் கையெழுத்து வாங்குவதை அடியோடு தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-ல் கொலராடோ வழக்கில் சொல்லிவிட்டது, தெரியும். நான் கேட்பது அதையல்ல. மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்கட்டும், எண்ணிக்கைக்குக் கூலி வேண்டாம். ஒரேகானில் 2002-ல் மக்களே வாக்களித்து இதைக் கொண்டுவந்தார்கள். நம் மாநிலமும் அடங்கும் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-ல் அது செல்லும் என்றது. நீங்களும் இதே மசோதாவை நிறைவேற்றியிருக்கிறீர்கள். 2011, 2018, 2019, 2021 என்று ஒவ்வொரு முறையும் ஆளுநர் மேசையில் அது நின்றுபோனது. செலவு கூடிவிடும் என்பது ஒரு காரணம். இப்போது மட்டும் செலவு யாருக்குக் கட்டுப்படியாகிறது, ஐயா?

அடுத்த கூட்டத்தொடரில் அந்த மசோதாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆளுநர் கையெழுத்திட வேண்டும் என்று பணிவோடு கேட்கிறேன். அவர் மறுத்தால், அதை மீறி நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும் என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு, போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற இணையத்தில் ஒரு படிவமும், தாக்கல் செய்யப்போகும் நாளை ஒரு வாரம் முன்னதாக வெளியிடும் ஒரு விதியும் சேருங்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சான்டா கிளாரா கவுண்டி வாக்காளர் ஒருவர்