எல் நினோ என்றால் வறட்சிதானா? எங்கள் ஊருக்கு அது பாதிக் கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் முதல் பக்கத்தில் எல் நினோ வருகிறது, தமிழகத்துக்கு வறட்சி அபாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அன்று காலை எங்கள் விரிஞ்சிபுரம் டீக்கடையில் அந்தப் பேப்பர் நாலு கை மாறியது. மல்லாட்டை (வேர்க்கடலை) விதை வாங்க வேலூருக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, சாக்குப் பையை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார். நீங்கள் போட்டது பொய் இல்லை. ஆனால் பாதிதான் போட்டீர்கள், மீதிப் பாதிதான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம்.

வேலூர் பக்கம் மழை ஒரே பருவத்தில் வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறதே, அது தென்மேற்குப் பருவக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து வருவது வடகிழக்கு. நாகப்பட்டினத்துக்காரருக்கு இரண்டாவதுதான் எல்லாம், எங்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி. எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது, முதல் பாதியைத்தான் பெரும்பாலும் பதம் பார்க்கும். இரண்டாம் பாதியில் அது நமக்குச் சாதகமாகவே இருந்த ஆண்டுகள் அதிகம். 2015ல் பசிபிக்கில் எல் நினோ உச்சத்தில் இருந்தபோதுதான் சென்னை மூழ்கியது. மறு வருஷம் 2016ல் கடல் எதிர்ப்பக்கம், அதே தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்கிற லா நினா பக்கம் சாய்ந்தது. டிசம்பரில் வர்தா புயலே வந்தும் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட திமிரில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். 2021ல் லா நினா. தீபாவளிக்கு முன்னால் எங்கள் தாய்மாமா, ஆற்றோரக் கிணற்றின் மோட்டாரைக் கழற்றி மேலே கொண்டு போய்விடலாமா என்று கேட்டார். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி, "லா நினா மாமா, இந்த வருஷம் வடகிழக்கு குறைவாத்தான் இருக்கும், எதுக்கு வீண் கூலி" என்று சொன்னேன். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்களே, அந்தப் பேச்சையே நவம்பர் மாதம் பாலாறு பொய்யாக்கிவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுகள் வந்தன. 19ஆம் தேதி அதிகாலை ஒரு தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரையேறி நேராக எங்கள் பக்கம் வந்தது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தார்கள். மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆறும் வந்து சேர, பாலாறு கரைக்குக் கரை டீ நிறத்தில் ஓடியது. ஊரே செல்போனோடு கரையில் நின்று படம் எடுத்தது. மாமா மட்டும் படம் எடுக்கவில்லை. மோட்டார் ஷெட் தகரம் ஒரு முறை மேலே எழும்பி வெயிலில் பளிச்சென்று திரும்பியது, அப்புறம் காணோம். மூன்று தென்னையும் கூடவே போனது. அந்த ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 சதவீதம் அதிகம் என்று பிறகு கணக்கு வந்தது. இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எதில் பார்த்தாலும் மாமா, "உன் லா நினாவைக் கூட்டிட்டு வந்து என் மோட்டாரை எடுத்துக் குடு" என்கிறார்.

அதனால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் கொஞ்சம் தேடிப் படித்தேன். என் தாத்தா காலத்துக் கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் எனக்கு இது விளங்குகிறது. மேலே மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் தண்ணீர் வாளியைப் பிடித்துச் சாய்ப்பார்; ஒருவர் அடி தவறினால் மற்றவருக்கும் தவறும். பசிபிக்கில் காற்றும் கடலும் அப்படித்தான். கிழக்கிலிருந்து வீசும் காற்று சூடான மேல்தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதனால் அங்கே கடல் மட்டம் பெரு பக்கத்தைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. காற்று தளர்ந்தால் சூட்டுத் தண்ணீர் திரும்பக் கிழக்கே வழியும். கிழக்கு சூடானால் காற்று இன்னும் தளரும், எல் நினோ அப்படித்தான் வளரும். ஒன்றை ஒன்று இழுக்கிற இந்தக் கதையை 1969ல் கோர்வையாகச் சொன்னவர் பியர்க்னெஸ் என்ற நார்வேக்காரர்.

அவருக்கு முன்னோடியான கில்பர்ட் வாக்கர் நம் நாட்டில்தான் வேலை பார்த்தார். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லுவார்களே, 1876லிருந்து 78 வரை வடஆற்காட்டையும் உலுக்கிய அதே பஞ்சம், அதற்குப் பின்னால் மிகப் பெரிய எல் நினோ ஒன்று இருந்தது என்பது இப்போது தெரிகிறது. மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி, 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த வாக்கர் உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளைப் போட்டு அலசினார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், அங்கே இறங்கினால் இங்கே ஏறும் என்று அந்தத் தராசைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 1913ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியதும் இதே வாக்கர்.

சரி, தராசு தெரிந்துவிட்டால் மழையும் தெரிந்துவிடுமா? இங்கேதான் உங்கள் தலைப்பு இடிக்கிறது. 1997ல் வந்த எல் நினோ அந்த நூற்றாண்டிலேயே பெரியவற்றில் ஒன்று, இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையோ சராசரிக்கு மேலேயே, 102 சதவீதம் பெய்தது. 2002ல் வந்தது அவ்வளவு பெரிதில்லை, மழை 19 சதவீதம் குறைந்தது. காரணங்களில் ஒன்று, சூடு பெரு பக்கம் இருக்கிறதா நடுப் பசிபிக்கில் இருக்கிறதா என்பது. நடுவில் சூடேறினால்தான் நமக்கு அடி பலமாக விழுகிறது என்று 2006ல் ஓர் ஆய்வு வந்தது. இன்னொன்று நம் கடலே. இந்தியப் பெருங்கடலின் மேற்கு சூடாகி கிழக்கு குளிர்வதும், பிறகு அது தலைகீழாவதும் உண்டு. இருமுனை என்கிறார்கள். சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகதா ஆகிய நால்வரும் 1999ல் இதைப் பற்றி எழுதினார்கள். 1997ல் இது நமக்குச் சாதகமாக இருந்தது. ஆனால் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 2021 நவம்பரை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பசிபிக் சாய்வதைப் பல மாதம் முன்னே பார்க்கலாம், எந்தத் தாழ்வு எந்த ஊர் மேல் வந்து நிற்கும் என்பது சில நாள் முன்னால்தான் தெரியும்.

அப்புறம் நீங்கள் செய்தி போட்ட நேரம். கத்திரி வெயில் முடிவதற்குள் சொல்லப்படும் எல் நினோ கணிப்பை ஆராய்ச்சிக்காரர்களே அரை மனதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மார்ச் முதல் மே வரை பசிபிக் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும், ஒரு சின்னக் காற்றுகூட அதை எந்தப் பக்கமும் தள்ளிவிடும். 2014ல் இதே மாதங்களில் ராட்சச எல் நினோ வருகிறது என்று உலகமே பேசியது, அந்த வருஷம் வரவில்லை. அதே சமயத்தில் கடலையும் காற்றையும் அளக்கப் பசிபிக்கின் நடுவே நங்கூரமிட்டு நிறுத்தியிருந்த 70 மிதவைகளைப் பழுதுபார்க்கப் போதுமான கப்பல் இல்லாமல் தகவல் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. ஏரி மதகைப் பத்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்கவில்லை என்று அழுவதைப் போலத்தான் இதுவும்! நம் பக்கம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் இப்படி மிதவைகள் விட்டிருக்கிறது. நாம் திருப்பதிக்கு மொட்டை போடப் போகும்போது தாண்டுகிற காதங்கி டோல்கேட் பக்கத்திலேயே 1,024 ஆன்டெனாக்களோடு ஒரு ரேடார் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி எழுதச் சொன்னால் என்ன?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை எல் நினோ செய்தி போட்டால் எந்தப் பருவத்துக்கு என்று தலைப்பிலேயே போடுங்கள். வானிலைத் துறை மழை குறையலாம், இயல்பாக இருக்கலாம், கூடலாம் என்று மூன்றுக்கும் வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. அதில் பயமுறுத்துவதை மட்டும் எடுக்காமல் மூன்றையும் போடுங்கள். அக்டோபரில் நிலவரம் மாறினால் அதே முதல் பக்கத்தில் மறுபடி போடுங்கள், எட்டாம் பக்கத்து மூலையில் வேண்டாம். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டைக்கு எல் நினோ வருஷத்தில் முதலில் தண்ணீர் போதாமல் போகலாம், பிடுங்குகிற ஐப்பசியில் அதுவே அதிகமாகிக் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்தும் போகலாம். வறட்சி என்று மட்டும் படித்தவர் இரண்டாவதற்கு ஏன் தயாராகப் போகிறார்?

பையை மடித்துக்கொண்டு போனவரை நேற்று பார்த்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ விதைக்கவா, வேணாமா?" என்றார். "பாதிக் கொல்லையில் போடுங்க, ஐப்பசிக்கு முன்னாடி கால்வாயை வெட்டி வெச்சுக்குங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து பெஞ்சில் இருந்த மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இவன் பேச்சைக் கேட்டுத்தாம்பா என் மோட்டார் போச்சு" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விரிஞ்சிபுரம், வேலூர் மாவட்டம்