பூவை விடு, இலையைப் பாரு

பாய்சி,
மே 4

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது, கோவித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி பற்றிக் கேட்டிருந்தாய். மலை ஏறும் அளவுக்குத் தேறிவிட்டது.

மகன் வீட்டுக்குப் பின்னாலேயே மலையடிவாரம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இந்தப் பக்கம் வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. ஜூலையில் கயத்தாறு பொட்டல் மாதிரி காய்ந்துவிடும். அதற்குள் பூத்துக் காய்த்துவிட வேண்டும் என்று செடிகளுக்கெல்லாம் இப்போது ஒரே அவசரம்.

போன வாரம் சரிவு முழுக்க மஞ்சள், சின்னச் சூரியகாந்தி மாதிரி. எல்லாம் ஒரே செடிதான் என்று பேத்தியிடம் அடித்துவிட்டேன். பிராக்டிகல் வகுப்பில் "பூவை விடுடா, இலையைப் பாரு" என்று நீ தலையில் குட்டுவாயே, அது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. குனிந்து தடவிப் பார்த்தேன். ஒன்றின் இலை அம்புமுனை போல, சாம்பல் வெள்ளியாக, விரலுக்குக் கம்பளி மாதிரி மெத்தென்று இருந்தது. பூக்காம்பு மொட்டையாக நீண்டு, உச்சியில் ஒற்றைப் பூ. அது ஆரோலீஃப் பால்சம்ரூட். பத்தடி தள்ளி, ஈரம் தங்கும் களிமண்ணில் இன்னொன்று. நீள்வட்ட இலை, வார்னிஷ் அடித்த பளபளப்பு, தண்டிலும் இலைகள். மியூல்ஸ் இயர்ஸ், அதாவது கோவேறு கழுதைக் காது. பெயர் வைத்தவன் குசும்பன்தான்.

இந்தியன் பெயின்ட்பிரஷ் என்று சிவப்பாக ஒன்று. நம் காகிதப்பூ கதைதான்: சிவந்திருப்பது இதழ் இல்லை, பூவடிச் செதில். நிஜப் பூ உள்ளே பச்சைக் குழலாக ஒளிந்திருக்கிறது. திருட்டு வேறு! பக்கத்து சேஜ்பிரஷ் புதரின் வேரில் ஒட்டி உறிஞ்சும், நம் சந்தன மரம் போல.

வெங்காயத்தாள் மாதிரி இலையோடு வெள்ளைப் பூ ஒன்று. இலையைக் கசக்கி முகர்ந்தேன், வெங்காய வாசனை துளியும் இல்லை. டெத் கேமஸ், காந்தள் கிழங்கு போல ஆளைக் கொல்லும் நஞ்சு. பேத்தியைத் தொடவே விடவில்லை, நானும் வந்து இரண்டு தடவை கை கழுவினேன்.

லூபின் என்ற செடியை மட்டும் மழை விட்ட காலையில் பார்க்கவேண்டும். விரித்த கைபோன்ற இலை, நடுவில் ஒரே ஒரு துளி, சேப்பங்கிழங்கு இலையில் நிற்குமே அப்படி.

ஊதாவாக ஒன்று பிடிபடவே இல்லை. படம் அனுப்புகிறேன், இலையோடு சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன். தப்பாகச் சொன்னால் இந்த முறை குட்டு உனக்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்