நள்ளிரவில் சர்வரை நிறுத்துகிறவர்கள் மீது கோபம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். இணைய வங்கிச் சேவை அடிக்கடி 'பராமரிப்புப் பணி காரணமாக நள்ளிரவு 12 முதல் 4 வரை இயங்காது' என்று எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு நின்றுபோகிறது, எதற்கெடுத்தாலும் கட்டணம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சர்வரை ஒழுங்காக ஓட்டத் தெரியாதா என்று கேட்டிருந்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் பணம் கட்ட நிற்கும்போது அப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கும் கோபம் வரும், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பொதுமக்களுக்குச் சொல்வதில்லை. அப்ளிகேஷன் சர்வர்களுக்கு பேட்ச், அதாவது மென்பொருளில் இருக்கும் ஓட்டையை அடைக்க அதைத் தயாரித்தவர்கள் கொடுக்கும் திருத்தம், போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை, அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் செல்போனில் தெரியும் பக்கத்துக்கும் கணக்கு விவரம் இருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு மென்பொருள் ஓடுகிறது. அதுதான் அப்ளிகேஷன் சர்வர், மிடில்வேர் என்றும் சொல்வார்கள். உள்ளே வந்தவர் யார், அவருக்கு எதைக் காட்டலாம், இருக்கிற டேட்டாபேஸ் இணைப்புகளை ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படிப் பங்கிடுவது, ஒரு கணக்கில் பணம் கழிந்து இன்னொரு கணக்கில் ஏறுவதற்குள் ஏதாவது நின்றுபோனால் எப்படிப் பழைய நிலைக்குத் திருப்புவது, இதெல்லாம் அதன் பொறுப்பு. ஆரக்கிளின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர், ரெட் ஹாட்டின் ஜேபாஸ் எல்லாம் இந்த வகை. எனக்கு அதிகப் பழக்கம் வெப்லாஜிக், ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

வெப்லாஜிக்குக்கான பாதுகாப்பு பேட்சுகளை ஆரக்கிள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக்கு ஒரு முறை வெளியிட்டு வருகிறது. தேதி முன்கூட்டியே எங்களுக்குத் தெரியும், திருட வருகிறவனுக்கும் தெரியும். பேட்ச் வந்த அன்றே பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, எந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள், அப்படியென்றால் ஓட்டை எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பேட்ச் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாத சர்வருக்கு ஆபத்து முன்பைவிட அதிகம். வெளியில் இருக்கும் பலருக்கு இந்த ஒரு விஷயம்தான் புரிவதில்லை.

2020-ல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 20 அன்று வந்த தொகுப்பில் வெப்லாஜிக்கின் அட்மின் கன்சோலில் (சர்வரை நிர்வகிக்கும் வெப் பக்கம்) இருந்த ஒரு ஓட்டைக்கு பேட்ச் இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல், வெளியிலிருந்து ஒரே ஒரு வெப் கோரிக்கை அனுப்பி சர்வரைக் கைப்பற்றிவிடலாம், அவ்வளவு மோசம், ஆபத்து மதிப்பீட்டில் 10-க்கு 9.8. 28-ம் தேதி வாக்கில் அதை எப்படிச் செய்வது என்ற விவரம் இணையத்தில் வந்தது. உடனே இணையம் முழுக்க பேட்ச் போடாத சர்வர்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பேட்சை ஏமாற்றி உள்ளே போகவும் வழி இருக்கிறது என்று தெரிந்ததும் நவம்பர் 1 அன்று, காலாண்டு அட்டவணைக்கு வெளியே, ஆரக்கிள் இன்னொரு அவசர பேட்ச் கொடுத்தது. ஆக மொத்தம் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பும், 2017 அக்டோபரில் வந்த ஒரு பேட்சைப் போடாமல் விட்டிருந்த வெப்லாஜிக் சர்வர்களுக்குள் அந்த வருடக் கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் மோனெரோ என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கும் புரோகிராம்களைப் புகுத்தினார்கள்.

இதைவிடப் பெரியது அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் விவகாரம். அது கடன் தகுதி விவரம் வைத்திருக்கும் கம்பெனி. அங்கே ஓட்டை இருந்தது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா மென்பொருளில். பேட்ச் 2017 மார்ச் 7 அன்றே வந்துவிட்டது, எச்சரிக்கையும் போயிற்று. ஆனால் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் தளத்தில் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலைக் கடைசி வரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. அந்தத் தளத்தை மார்ச் மாதம் ஒரு ராத்திரி நிறுத்தியிருந்தால் சிலர் சலித்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த நான்கு மணி நேரத்துக்கு வருகிறேன்.

பேட்சை ஏற்றும் கட்டளை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அதற்கு முன்பும் பின்பும்தான். முதல் வேலை பேட்சுடன் வரும் ரீட்மீ கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது, இது பகலிலேயே, சில நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். எந்தப் பதிப்புக்கான பேட்ச், அதை ஏற்றும் ஓபேட்ச் என்ற கருவி குறைந்தபட்சம் எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கருவி பழையதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் மோதல் சோதனை. முன்பு எப்போதோ ஒரு தனிப் பிரச்சினைக்காக ஆரக்கிளிடம் வாங்கிப் போட்ட சின்ன பேட்ச், இப்போது வரும் பெரிய பேட்ச் தொடுகிற அதே கோப்பைத் தொட்டிருக்கலாம். அப்படி மோதினால் சின்னதைக் கழற்ற வேண்டும், அல்லது இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றை ஆரக்கிளிடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்க நாளாகும். இதை நள்ளிரவு ஒரு மணிக்குக் கண்டுபிடித்தால் அன்றைய ராத்திரி வீண், எஸ்எம்எஸ் வாங்கிய வாடிக்கையாளர்களும் காத்திருந்தது வீண்.

ஜாவா தனி. வெப்லாஜிக்குக்கு பேட்ச் போட்டால் அடியில் ஓடும் ஜாவாவும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதற்கும் தனியாகக் காலாண்டு அப்டேட் வருகிறது, அதைத் தனியாகத்தான் போட வேண்டும்.

ராத்திரி வந்ததும், வருகிறவர்களைப் பல மெஷின்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரில் வாடிக்கையாளர் போக்குவரத்தைப் பராமரிப்புப் பக்கத்துக்குத் திருப்புவோம். அப்ளிகேஷன் ஓடும் மேனேஜ்டு சர்வர்கள், அவற்றை நிர்வகிக்கும் அட்மின் சர்வர், அந்தந்த மெஷினில் சர்வர்களைக் கிளப்பி நிறுத்தும் நோட் மேனேஜர் எல்லாவற்றையும் நிறுத்துவோம். நிறுத்திவிட்டோம் என்று நம்பாமல் எந்த ஜாவா புராசஸாவது மிச்சம் ஓடுகிறதா என்று பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் காலடியில், புரோகிராம் அடங்கிய ஜார் கோப்புகளை மாற்றினால் என்ன பிழை எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. பிறகு பேக்கப். மென்பொருள் இருக்கும் ஹோம் டைரக்டரி, எங்கள் கான்ஃபிகரேஷன் (நாங்கள் செய்துவைத்த அமைப்புகள்) இருக்கும் டொமைன் டைரக்டரி, என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று பதிந்து வைக்கும் இன்வென்ட்டரி, மூன்றும் வேண்டும். பேட்சை, மென்பொருளை நிறுவிய அதே யூசரில்தான் ஏற்ற வேண்டும். அவசரத்தில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓட்டினால் கோப்புகளின் உரிமை மாறிவிடும், மறுபடி சர்வர் கிளம்பும்போது எதையும் எழுத முடியாமல் நின்றுவிடும்.

இதை ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் மெஷின்களின் கூட்டமான கிளஸ்டரில் ஆறு மெஷினில் தனித்தனி ஹோம் இருந்தால் ஆறிலும் போட வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் அந்த ஒன்றின் வழியாக உள்ளே வரலாம். முடிந்ததும் இன்வென்ட்டரி கட்டளை கொடுத்து பேட்ச் எண் தெரிகிறதா என்று பார்ப்போம், பழைய தற்காலிகக் கோப்புகளைத் துடைப்போம், அட்மின் சர்வரை முதலில் கிளப்பி, அது எழுதும் பதிவான லாகைக் கடைசி வரை படிப்போம், அப்புறம் மற்றவற்றை ஒவ்வொன்றாக எழுப்புவோம். அப்ளிகேஷன் குழு உள்ளே போய் லாகின், இருப்பு, பணப் பரிமாற்றம் எல்லாம் சோதித்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் வாடிக்கையாளருக்குக் கதவு திறக்கும். அறிவித்த நேரத்தில் கடைசி ஒரு மணி நேரத்தையாவது, எதுவும் சரிவராவிட்டால் பேட்சைக் கழற்றிப் பழையபடி வைக்க, ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டால் நல்லது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது.

பேட்ச் ஏறியதோடு வேலை முடிந்துவிடாது. பேட்ச் மென்பொருளைத்தான் மாற்றுகிறது, நம் கான்ஃபிகரேஷன் அப்படியே இருக்கிறது. வெப்லாஜிக்கில் ஒரே போர்ட்டில் (இணைப்பு உள்ளே வரும் வாசல்) சாதாரண வெப் போக்குவரத்தும் வரும், டி3 என்ற அதன் சொந்த நெறிமுறையும் வரும். அந்த டி3 வழியாகத்தான் பல தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. வெளியிலிருந்து வரும் டி3-ஐ கனெக்‌ஷன் ஃபில்டர் போட்டு அடைக்க வேண்டும், அட்மின் கன்சோலுக்குத் தனி அட்மின் போர்ட் வைத்து இணையத்திலிருந்து எட்டாதபடி செய்ய வேண்டும். 2021 ஜூலை பேட்சிலிருந்து வெப்லாஜிக்கே டொமைனைச் சோதித்து, இது இது பாதுகாப்பில்லை என்று கன்சோலில் எச்சரிக்கை காட்டுகிறது. பல இடங்களில் அந்த எச்சரிக்கைகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் அதில் பாதி, செலவே இல்லாமல் சரிசெய்யக்கூடியவை.

'இத்தனை மெஷின் இருக்கிறதே, ஒவ்வொன்றாக நிறுத்திப் போட்டால் சேவை நிற்காதே' என்று அந்த வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெப்லாஜிக் 12.2.1-லிருந்தே சேவையை நிறுத்தாமல் பேட்ச் போடும் வசதி இருக்கிறது. ஆனால் ஒரு மெஷினை நிறுத்தும்போது அதில் இருந்தவரின் செஷன் (லாகின் செய்து அவர் பாதியில் வைத்திருக்கும் வேலை) இன்னொரு மெஷினுக்குப் போகிற மாதிரி அப்ளிகேஷனை எழுதியிருக்க வேண்டும், ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவை பாரத்தைத் தாங்க வேண்டும். பழைய அப்ளிகேஷன்கள் பலவற்றில் இந்த இரண்டுமே கிடையாது. அதற்குப் பணம் ஒதுக்காத நிர்வாகத்திடம்தான் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டும்.

பேட்சைப் பார்த்துப் பயப்படுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கியில், ராத்திரி வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளை அப்டேட் செய்தார்கள், ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் அதைக் கழற்றினார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை. சுமார் 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு, சிலருக்கு வாரக்கணக்கில். 2014-ல் வங்கிக்கு 5.6 கோடி பவுண்ட் அபராதம் விழுந்தது. பேட்சைப் போடுவதைப் போலவே அதைக் கழற்றுவதையும் டெஸ்ட் சர்வரில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று நாங்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஆனால் ஒத்திகை பார்க்க இடம் வேண்டுமே. நான் பார்த்த பல இடங்களில் டெஸ்ட் சர்வர் என்பது வேறு ஜாவா, வேறு பதிப்பு, ஒற்றை மெஷின், அதில் எது ஓடினாலும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் ஓடும் என்று சொல்ல முடியாது. அப்புறம் தள்ளிப்போடுவது. மாதக் கடைசி வேண்டாம், காலாண்டுக் கணக்கு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று ஒரு நிறுவனத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பேட்ச் தள்ளிப்போனதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெப்லாஜிக்கின் காலாண்டு பேட்சில் முந்தையதெல்லாம் அடக்கம், விட்டுப்போனதை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு வருட மாற்றம் மொத்தமாக ஒரே ராத்திரியில் வரும்போது எது உடைந்தது, எதனால் உடைந்தது என்று தேடுவது பெரும்பாடு. அந்த ராத்திரி விடிய விடிய உட்காருகிறவர்கள் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள், நாலரை மணிக்கு கேப் வண்டியில் வீடு போய்ச் சேர்ந்து, பத்து மணி மீட்டிங்குக்கு மறுபடி வர வேண்டியவர்கள். அவர்களுக்கு மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கட்டளை அடிக்கிற இடமா அது?

சேவை கொடுக்கிற எல்லோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், எது நிற்கும், எது ஓடும், ஏடிஎம் உண்டா, யுபிஐ உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்ததும் முடிந்தது என்றும் சொல்லுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது திருடனுக்கு உதவும். ஆனால் ஆடிட்டர் அறிக்கையில் கடைசியாக எந்தக் காலாண்டு பேட்ச், வெளியான எத்தனையாவது நாளில் போடப்பட்டது என்ற ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், நிர்வாகக் குழு அதைப் படிக்க வேண்டும். இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நடந்த பிறகு தெரிவிப்பதில் காட்டும் அதே கண்டிப்பை பேட்ச் விஷயத்திலும் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒன்று. முன்கூட்டி அறிவித்து நிறுத்துவதையும் பட்டப்பகலில் திடீரென்று முடங்குவதையும் ஒரே மாதிரி 'சர்வர் முடங்கியது, மக்கள் அவதி' என்று போடாதீர்கள். திடீர் முடக்கம் என்றால் விடாமல் காரணம் கேட்டு எழுதுங்கள், கடைசியாக எப்போது பேட்ச் போட்டீர்கள் என்பதையும் அந்தக் கேள்விகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மிடில்வேர் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
பெருங்குடி, சென்னை.