கிளையின் பாரத்தைக் கண்ணாடி தாங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுப் பிராணிகள் கட்டுரையில், இகுவானா (ஓணான் மாதிரி இருக்கும் பெரிய வெளிநாட்டுப் பல்லி) வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மரக்கிளையை குளூ கன் வைத்து ஒட்டிவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். குன்னூரில் மீன் தொட்டி செய்கிற என் கடைக்கு அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் வருகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

குளூ கன் பசை சூட்டில் இளகி ஒட்டுவது. இந்த மலைக்குளிரில் பெட்டிக்குள் விளக்கு எரியாமல் இகுவானா பிழைக்காது. அது உட்கார்ந்து சூடு காய்கிற கிளையும் அந்த விளக்குக்கு அடியில்தான் இருக்கும். பசை மறுபடி இளகாமல் என்ன செய்யும்? வளர்ந்த இகுவானா வால் நுனிவரை ஐந்தடி, எடை நாலைந்து கிலோ வரும் (அதற்குக் கண்ணாடிப் பெட்டியே பத்தாது, அது தனிக் கதை).

சரி, காய்ந்ததும் ரப்பர் மாதிரி ஆகிற சிலிகான் பசை போடலாமே என்பார்கள். போடலாம், மீன் தொட்டிக்கு என்று விற்பதை மட்டும். பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். ஆனால் சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே காய்ந்துகொண்டு போவது. சாதாரண வெப்பத்திலேயே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், மார்கழிக் குளிரில் அதுவும் கிடையாது. அகலமான கட்டையைக் கண்ணாடியில் வைத்து அழுத்திவிட்டால் நடுவில் காற்றே போகாமல், ஓரம் ரப்பராக இறுகி உள்ளே கொழகொழவென்று கிடக்கும். வினிகர் வாடை அடிக்கிறவரை காயவில்லை என்று அர்த்தம், அதுவரை பிராணியை உள்ளே விடாதீர்கள்.

மரமும் சும்மா இருக்காது. ஈரத்தில் உப்பும், விளக்குச் சூட்டில் சுருங்கும், கண்ணாடி அப்படியே இருக்கும். பட்டையோடு ஒட்டிய கிளை விழுந்த பெட்டியைப் பார்த்தால் தெரியும்: சிலிகானும் அதில் ஒட்டிய பட்டையும் கண்ணாடியிலேயே இருக்கும், கிளை மட்டும் மொழுமொழுவென்று கீழே கிடக்கும்.

நான் சொல்கிற வழி இதுதான். கிளையின் அடி பெட்டியின் தரையில் நிற்கட்டும், மண்ணுக்கு மேல் இல்லை, பிராணி மண்ணைப் பறித்தால் சரிந்துவிடும். மேல்நுனி எதிர்மூலையில் சாயட்டும். அது நழுவாமலிருக்க, பள்ளம் வெட்டிய சின்னக் கட்டை ஒன்றைப் பட்டை சீவி, நன்றாகக் காயவைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கண்ணாடியில் மெல்லிய சிலிகான் கோடுகளாக இட்டு ஒட்டினால் போதும். பாரத்தில் பெரும்பகுதி தரைக்குப் போய்விடும், ஒட்டுக்கு வேலை ஆடாமல் பிடிப்பது மட்டும், கழுவும்போது கிளையைத் தூக்கி வெளியே எடுத்துவிடலாம். துளை போட்டு ஸ்குரூ மாட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், டஃபண்டு கண்ணாடியில் (சூடாக்கி உறுதியாக்கியது) டிரில் வைத்தால் மொத்தமும் நொறுங்கி விழும்.

கிளைக்கு நான் கை காட்டுவது கூடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்து போட்ட கட்டை. கெட்டி, கவைகள் நிறைய. மருந்தடித்த தோட்டமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிராணியின் உடம்பு அளவுக்குப் பருமன் இருக்க வேண்டும், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் நகம் பிடிக்காது. பைன், சைப்ரஸ் வேண்டாம், பிசின் கசியும். உண்ணிச்செடிக் கிளையும் வேண்டாம், அதன் இலையும் காயும் விஷம், இலை தின்னும் பிராணியின் பெட்டிக்குள் அது எதற்கு?

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. இகுவானா மாதிரி வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர்ப் பச்சோந்தியையும் உடும்பையும் பிடித்து வளர்க்க 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் இடம் தரவில்லை. திருத்தம் போடுவதாக இருந்தால் குளூ கன் வரியோடு இதையும் சேர்த்துப் போடுங்கள், அப்புறம் அந்தப் படத்தையும் மாற்றுங்கள், அதில் கிளை அந்தரத்தில் தொங்குகிறது.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர் ஒருவர்