நாள் எண்ணி வா, மாப்ளே

கோலாலம்பூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வேலை பாஸுக்கு அனுமதி வந்துவிட்டது, ஆகஸ்ட் முதல் வாரம் வேலையில் சேர்கிறாய் என்பதைப் படித்ததும் பாதிப் பாரம் இறங்கியது. இனி ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? கேள்விகளை அடுக்கி அனுப்பியிருக்கிறாய், முக்கால்வாசி என்ன சாமான் கொண்டுவருவது என்பதைப் பற்றி. நீ கேட்காத ஒன்றை, வரிக் கணக்கை, முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் போகும் பணத்துக்கு முன்னால் சாமான் கணக்கு ஒன்றுமே இல்லை.

இங்கே மலேசியாவில் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அந்த ஆண்டில் 182 நாள் நாட்டுக்குள் இருந்தால் வரிக் கணக்கில் நீ ரெசிடென்ட், அதாவது இங்கே வசிப்பவன். ஜூலை 3ஆம் தேதிக்குப் பிறகு வந்து இறங்குகிறவனுக்கு அந்த ஆண்டில் 182 நாள் தேறாது. ரெசிடென்ட் இல்லாதவன் சம்பளத்தில் நேராக 30 சதவீதம் வரி, கழிவு எதுவும் கிடையாது. மாதம் 10,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 50,000; அதில் 15,000 போய்விடும். இதே 50,000க்கு ரெசிடென்டாக இருந்தால், தனிநபர் கழிவு 9,000 போக மிச்சம் 41,000க்கு வரி 960 ரிங்கிட்தான். வித்தியாசத்தை நீயே பார்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இந்த ஆண்டின் குறைந்த நாட்கள், அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளோ அதற்கு மேலோ உள்ள இருப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால், இந்த ஆண்டுக்கும் ரெசிடென்ட் ஆகலாம். ஜனவரி 1இலிருந்து எண்ணினால் 182ஆவது நாள் ஜூலை 1. இடையில் ஊருக்குப் போய்வருவது மொத்தம் 14 நாளுக்குள் இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ள மாட்டார்கள். வேலை நிமித்தப் பயணமும் உடம்பு சரியில்லாமல் போவதும் இந்த 14இல் சேராது, ஆனால் கையில் காகிதம் இருக்க வேண்டும். பலபேர் வழுக்குவது எங்கே தெரியுமா? டிசம்பர் 20க்கு டிக்கெட் போட்டுப் பொங்கல் முடிந்து திரும்புவார்கள். கிட்டத்தட்ட 28 நாள். ஒரே பயணத்தில் எல்லாம் போச்சு. டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டு நாளும் இங்கேயே இரு. தீபாவளிக்கு ஐந்து நாள், பொங்கலுக்கு ஐந்து நாள் என்று பிரித்துக்கொள். நாலு நாள் அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும்.

விமான நிலையத்தில் ஆட்டோகேட் (தானியங்கி வாயில்) வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதே. நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. இன்னொரு சிக்கலும் உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் ஏப்ரல் 30க்குள், உன் 182 நாள் முடிவதோ ஜூலையில். எந்தப் படிவத்தில் எப்படிக் காட்டுவது என்று கம்பெனியின் வரி ஆலோசகரிடம் பிப்ரவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்.

இந்தியப் பக்கம் கவலை இல்லை. வேலைக்காகக் கிளம்பும் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக ஊரில் இருந்தால் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியன்தான். விடுமுறைக்கு ஊருக்கு வரும் நாட்களும் மார்ச் வரை அதில் கூடும் என்பதை மட்டும் நினைவில் வை. வங்கியில் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு. சம்பளச் சீட்டில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) என்று 2 சதவீதம் பிடித்திருந்தால் சண்டை போடாதே. 2025 அக்டோபர் முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கும் அது கட்டாயம், முதலாளியும் 2 சதவீதம் போட வேண்டும்.

வீடு. இரண்டு மாத வாடகை டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. 2,000 ரிங்கிட் வீடு என்றால் சாவி வாங்குமுன் 7,000 எடுத்து வைக்க வேண்டும். முதல் சம்பளத்தை நம்பி வராதே. சில வீட்டுக்காரர்கள் இந்தியருக்கு விட மாட்டேன் என்பார்கள். கேவலம்தான், ஆனால் வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன்பே ஏஜென்டிடம் நேராகக் கேட்டுவிடு, அரை நாள் மிச்சம். ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' (diplomatic clause) இருக்கிறதா பார். வேலை போனாலோ மாற்றலானாலோ முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து வெளியேற விடும் விதி அது. பெரும்பாலும் முதல் 12 மாதம் கழிந்த பிறகு, இரண்டு மாத நோட்டீஸ். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால் டெபாசிட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியே ஆக வேண்டும். கட்டாத காகிதம் கோர்ட்டில் செல்லாது. சாவி வாங்கிய அன்றே சுவர்க் கறை, ஏசி, குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு.

ஸ்டேஷனிலிருந்து 300 மீட்டர் என்று விளம்பரம் சொல்லும். நடுவில் ஹைவே ஓடும், தாண்டப் பாலம் இருக்காது. நடந்து பார்த்துவிட்டு முடிவு செய். மாதம் 50 ரிங்கிட்டுக்கு ரயில், பஸ் பாஸ் உண்டு, ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். நமக்குப் பணம் ஏற்றித் தட்டும் டச் அண்ட் கோ அட்டை.

சாமானுக்கு வருகிறேன். அலுமினிய குக்கரைக் கொண்டுவராதே. நிறைய அடுக்குமாடி வீடுகளில் கேஸ் கிடையாது, இண்டக்ஷன் அடுப்புதான். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது சூடாகும். கிரைண்டரும் வேண்டாம், இங்குள்ள பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பகுதிகளிலேயே கிடைக்கும். மிக்சியைத் தாராளமாகக் கொண்டுவா. இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. பிளக் மட்டும்தான் வேறு. நம் உருண்டைப் பின் சேராது. இங்கே பட்டையான மூன்று பின், உள்ளே ஃபியூஸ். அடாப்டர் மாட்டி ஓட்டாதே. 750 வாட் மிக்சி மாவு அரைக்கும்போது தளர்ந்த அடாப்டர் சூடேறிப் பிளாஸ்டிக் இளகிவிடும். ஹார்ட்வேர் கடையில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கு. மூடியைக் கழற்றிப் பின்கள் தரையைப் பார்க்க, எர்த் பின் உனக்குத் தூரமான மேல்பக்கம் இருக்குமாறு வை. வலது பக்கம் ஃபியூஸ் உள்ள முனையில் சிவப்பு அல்லது பழுப்பு வயர், இடது பக்கம் கறுப்பு அல்லது நீலம், மேலே பச்சை. பச்சையை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடு. வயர் இழுபட்டால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். வயரின் வெளி உறையே கிளாம்புக்குள் கடிபட வேண்டும். உள் வயர்கள் மட்டும் கடிபட்டிருந்தால் சீக்கிரம் கையோடு வந்துவிடும்.

மாவு விஷயத்தில் ஒன்று. இங்கே குளிர்காலம் கிடையாது, புழுக்கம் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி. இரவு பத்துக்கு அரைத்து வெளியே வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டுப் பொங்கி வழிந்திருக்கும். உப்பைக் காலையில் போடு, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. ரவையையும் கடலை மாவையும் ஃபிரிட்ஜில் வை, இல்லாவிட்டால் வண்டு. தோல் ஷூவை மூடிய அலமாரியில் வைத்தால் பூசணம்.

டீக்கு நீ ரொம்பக் கஷ்டப்படுவாய், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். வெறுமனே 'தே' என்றால் கண்ணாடி கிளாஸின் அடியில் ஒரு விரல் உயரம் கண்டென்ஸ்ட் மில்க் படிந்து வரும், தித்திப்பில் பல் கூசும். 'தே ஓ' பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' இரண்டும் இல்லாதது. 'தே சி' என்றால் எவாபரேட்டட் (சுண்டிய, இனிப்பில்லாத) பால். 'தே சி கோசோங்' கேட்டால் சர்க்கரை இல்லாமல் ஓரளவு நம் டீ பக்கத்தில் வரும். 'கூராங் மானிஸ்' என்றால் சர்க்கரை குறைவாக. இஞ்சி வேண்டுமென்றால் 'தே ஹாலியா'. பொட்டலமாக வேண்டுமானால் 'இக்காட் தெப்பி' என்று சொல். பிளாஸ்டிக் பையின் ஒரு ஓரத்தைக் கட்டி ஸ்டிராவைச் செருகித் தருவார்கள். சூடான டீயைப் பிளாஸ்டிக்கில் குடிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

நம் தமிழே இங்கே கொஞ்சம் புதிதாகக் கேட்கும். 'பத்து வெள்ளி' என்றால் பத்து ரிங்கிட். 'பசியாறிட்டீங்களா' என்பது சாப்பிட்டாயிற்றா என்ற விசாரணை. கடையில் 'தண்ணி என்ன?' என்று கேட்டால் திகைக்காதே, குடிக்க டீயா, மைலோவா என்றுதான் கேட்கிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் அரை மணியில் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம். அங்கிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடை தூரம், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். பெட்டியில் இடம் இருந்தால் அம்மா போட்ட மோர் மிளகாய் அரைக் கிலோ. இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்.

உன்
மச்சான்