துபாய் போனால் வரி போகுமா?

ஐயா,

கோத்தகிரியில் பசுந்தேயிலை விற்ற காசைப் பிட்காயினில் போட்டிருந்த என் அக்கா மகன், டிசம்பரில் துபாய்க்கு வேலைக்குப் போனான். அங்கே வருமான வரி கிடையாதே என்று ஜனவரியில் மொத்தத்தையும் விற்றுவிட்டான். ஆனால் நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. டிசம்பருக்குள் 182 நாளுக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டானே! அதனால் அந்த ஆண்டுக்கு வரிக் கணக்கில் அவன் இந்தியவாசிதான். லாபத்தில் 30 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ். வேறொரு காயினில் விட்ட நஷ்டத்தைக் கழிக்கவும் வழியில்லை. பயணத்துக்குப் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்த அக்கா, காலண்டரில் நாளை எண்ணச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளாவது இதை ஒரு வார்த்தை சொல்லலாமே?

– ஒரு வாசகர், கோத்தகிரி