புகை வீட்டில் கடை திறக்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கச்சி,

சுங்கை சிப்புட்டில் நம் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைத்த புகை வீட்டை வாடகைக்கு எடுத்து, பழைய துணிகளைப் புதுசாகத் தைத்து விற்கும் கடையும் கலைக்கூடமும் வைக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னார். மனசு நிறைந்துவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் பூட்டிய கட்டடம், இடித்துவிடுவார்களோ என்றே பயந்தேன்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஹின் பஸ் டிப்போ என்ற பழைய பஸ் பணிமனை 2014இல் கலைக்கூடமான கதை உனக்குத் தெரியும். ஆனால் ஜார்ஜ் டவுனுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். உன் வாசலுக்கு முதலில் வரப்போவது நம் சனம்தான். பழைய துணி விற்கும் பண்டல் கடையில் பொறுக்கி வாங்கிப் பழகியவர்களுக்குப் பழைய துணியில் கூச்சம் இல்லை, விலைதான் எட்டணும். அதனால் வாசலிலேயே ஒரு தையல் மெஷினைப் போடு. ஜிப் போன பள்ளிச் சீருடை, கிழிந்த கைலி எதுவானாலும் சில வெள்ளிக்குத் தைத்துக் கொடு. ஒரு பருத்தி டீ-சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இருக்கிற சட்டையை இன்னும் இரண்டு வருஷம் போட வைப்பது, புதுசு விற்பதைவிடப் பெரிய வேலை என்பது என் எண்ணம்.

கலைக்கூடத்தில் பால்வெட்டுச் சட்டைகளை, ரப்பர் மரம் சீவப் போனவர்கள் போட்ட சட்டைகளை, மாட்டு. முழுக்கை, தலைத்துண்டு, காய்ந்த பால் கறையோடு அப்படியே. அந்தக் கறை துவைத்தாலும் போகாது. பாட்டிமார் அந்தச் சட்டையைத் தனியாகத்தான் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கும்போது யாருடையது, எந்தத் தோட்டம், எந்தக் காலம் என்று எழுதிக்கொள். பக்கத்தில் பெயரோடு போடு.

கட்டடத்தில் கவனம் வேண்டும். ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்த அதே புகை, கட்டையில் கரியாகப் படிந்திருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் துணி எதையும் உள்ளே கொண்டுபோகாதே. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடாதே, உடைக்காதே, தெரிந்த ஆளை வைத்துப் பார். ஜன்னல் குறைவாக இருப்பது நல்லது. இயற்கைச் சாயம் வெயிலில் வெளுக்கும், அருங்காட்சியகங்களிலும் துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள். அப்புறம் நம் ஊர் ஈரம். காற்றோட்டத்துக்குக் காசு பார்க்காதே.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, நம் ஊரில் பிறந்த அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பங்கு சேர்த்தே தோட்டம் வாங்கினார்கள். நிலம் கையில் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்று பார்த்த ஊர் இது. நீ செலவு செய்து சீராக்கியபின் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வாய்? ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் கேள். கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு, வக்கீலிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்